இடியனின் வெற்றிச் சைகை

ஒரு மனிதன் தன்னுடைய விலா எலும்புகளுக்குக் கீழே நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பது எவ்வளவு சங்கடம் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக இன்னொரு முறை சொல்லலாம். எலும்புகள் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேயேதான் தொங்குகின்றன.

பஸ் நிறுத்தத்துக்கு நேர் மேலே, முதல் மாடியில் 'தேக்கு ஜிம்'. அதன் முகப்பில் மாடியின் அகலத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. இடது பக்கம் சட்டையில்லாமல், ஈரத் தலையோடு, பல் தெரியச் சிரிக்கும் ஓர் ஒல்லி மனிதர். அவருக்குக் கீழே 'முன்' என்று எழுதியிருக்கிறது. வலது பக்கம் மூச்சை இழுத்துப் பிடித்து, இரண்டு கையையும் மடக்கி, யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கும் ஜிம் முதலாளி. அவருக்குக் கீழே 'பின்'. ஒரே ஆள்தான் இப்படி ஆகிவிட்டார் என்று ஊர் நம்புகிறது.

உண்மையில் 'முன்' என்பவர் 'பின்' என்பவருடைய அக்கா புருஷன். அவரைக் கேட்காமலே மாட்டிய படம் அது.

காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் பலகையைப் பார்க்கும். பிறகு கீழே நிற்கும் இந்த அக்கா புருஷனைப் பார்க்கும். பிறகு எலும்புகளைச் சரிபார்க்க மறுபடியும் பலகையைப் பார்க்கும். ஒரு பெரியவர் இவருடைய தோளைத் தட்டி, பணம் கட்டிச் சேர்ந்தும் இன்னும் ஏன் தேறவில்லை என்று அக்கறையாக விசாரித்தார்.

அன்றைக்குச் சபதம் செய்தார் நம்மவர். அந்தப் பலகை இறங்குகிற வரைக்கும் உடம்பிலிருந்து சட்டையைக் கழற்றுவதில்லை. அன்றிலிருந்து குளிப்பதும் சட்டையோடுதான். சோப்பு சீக்கிரம் கரைகிறது. சட்டையைத் தனியாகத் துவைக்கும் வேலை மிச்சம்.

இவருடைய தொழில் அசைவது. ஆகவே அசைவுக்காரர் என்றே சொல்வோம். வீடியோ கேம் செய்யும் ஒரு ஸ்டூடியோவில், உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் கோலிக்குண்டு அளவு வெள்ளை உருண்டைகளை ஒட்டிக்கொண்டு, காலி அறையில் ஓடுவார், குதிப்பார், இல்லாத ஆளை அடிப்பார். சுற்றி நிற்கும் கேமராக்கள் அவரை விட்டுவிட்டு அவருடைய அசைவை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த அசைவை கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இன்னொரு உடம்புக்கு மாட்டிவிடுவார்கள். அந்த உடம்பின் பெயர் இடியன்.

இடியனைத் தெரியாத இளைஞன் இந்த ஊரில் இல்லை. அவனுடைய தோள் அகலத்துக்காக அந்த ஆட்டத்திலுள்ள கதவுகளை எல்லாம் பெரிதாக்கினார்கள். ஒரு கதவை மறந்துவிட்டார்கள். அதில் மாட்டிக்கொண்டவன் சில வீடுகளில் இன்னும் அங்கேயே நிற்கிறான் என்று கேள்வி. கழுத்து என்று தனியாக ஒன்றும் அவனுக்குக் கிடையாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் இடுப்போடு திரும்ப வேண்டும். எதிரிகளும் இதைப் புரிந்துகொண்டு மரியாதையாக முன்பக்கமாகவே வருவார்கள்.

அவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு ஒல்லியான அசைவை மாட்டியதில் ஒரு சிக்கல் வந்தது. அசைவுக்காரர் கையைச் சும்மா தொங்கவிட்டால் இடியனின் கை அவன் தொடைக்குள் புகுந்து மறைந்தது. இவர் மூக்கைச் சொறிந்தால் அவன் புஜம் நெஞ்சுக்குள் இறங்கியது. கடைசியில் ஸ்டூடியோக்காரர்கள் இவருடைய இரண்டு கக்கத்திலும் ஸ்பாஞ்சு வைத்துக் கட்டினார்கள். கை உடம்பை விட்டு விலகியே நின்றது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு போவது போல ஒரு நடை வந்தது.

அதைத்தான் இன்றைக்கு உலகம் 'இடியன் நடை' என்கிறது. ஊரில் எந்தப் பையனைப் பார்த்தாலும் அந்த நடைதான். இரண்டு பேர் உட்காரும் பஸ் இருக்கையில் இப்போது ஒருவன்தான் கொள்கிறான். நடைபாதையில் எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவன் சாக்கடைப் பக்கம் இறங்கி வழிவிட வேண்டியிருக்கிறது.

எல்லாரையும்விடப் பக்தியாக அப்படி நடப்பவர் தேக்கு மாஸ்டர், அதாவது மச்சினன். ஜிம்மில் இடியனுக்கு ஆளுயரப் படம் வைத்திருக்கிறார். அந்த நடை தன்னுடையது என்று அசைவுக்காரர் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிப் பார்த்தார்.

"நீங்களா? இடியன் தும்மினா நீங்க அடுத்த தெருவுல போய் விழுவீங்க மாமா" என்றார் மச்சினன். ஜிம்மே சிரித்தது.

அப்போது படியிறங்கி வந்துவிட்டார். பலகை ஏறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. இடியன் எதைச் செய்தாலும் மச்சினன் செய்வான். இடியன் எதைச் செய்வது என்பதோ இந்த ஒல்லிக் கையில் இருக்கிறது. பழி வாங்க இதைவிட வசதியான உத்தியோகம் யாருக்கும் வாய்த்ததில்லை.

என்ன செய்யலாம் என்று அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. அவருடைய கல்யாணப் படம் சுவரிலேயே தொங்குகிறது.

அதில் இரண்டு வீட்டாரும் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், ஓரத்தில் நிற்கும் மணப்பெண்ணின் தம்பியைத் தவிர. அந்த நொடியில் பூந்தொட்டியிலிருந்து ஓர் எறும்பு அவருடைய கால்சட்டைக்குள் ஏறியிருந்தது. வலது கை பின்பக்கம் இடுப்புப் பட்டைக்குள் பாய்ந்திருக்கிறது. இடது கை, யாரும் கிட்டே வராதீர்கள் என்பது போல வானத்துக்கு உயர்ந்திருக்கிறது. ஒரு முட்டி மடங்கி மேலே வந்திருக்கிறது. முகத்தில் மட்டும், ஒன்றுமே நடக்கவில்லை என்கிற ஒரு கம்பீரப் புன்னகை. அன்றிலிருந்து குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது ஒருவர் எழுந்து அதை நடித்துக் காட்டாமல் இருந்ததில்லை.

எதிரியை வீழ்த்தியதும் இடியன் செய்யும் வெற்றிச் சைகை ஒன்று வேண்டும் என்று ஸ்டூடியோவின் டைரக்டரம்மா கேட்டபோது, அசைவுக்காரர் சட்டைக்கு மேலேயே உடையை மாட்டிக்கொண்டு அதைச் செய்தார். கை பின்பக்கம், கை வானம், முட்டி, இடுப்பில் இரண்டு வெட்டு, புன்னகை. வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டார். திரையில் இடியனின் உடம்பில் அது ஏறியதும் அறையே எழுந்து நின்றது. டைரக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாவீரன் தன் காயத்தை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் விதியை நிறுத்துகிறான் என்று அவர் விளக்கம் சொன்னார்.

ஆமாம் என்றார் அசைவுக்காரர்.

அதே அம்மா, இடியனுக்கு எதிரியாக ஒரு ராணி வரப்போகிறாள், அசைவுக்குப் பெண் கிடைக்கவில்லை, வந்தவர்கள் எல்லாம் குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போல அடிக்கிறார்கள் என்று புலம்பியதையும் அவர் காதில் வாங்கினார். வாங்கி அப்படியே விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது.

ஆட்டம் வெளிவந்தது. பையன்கள் தெருவெல்லாம் எறும்பு கடித்தது போல நின்றார்கள். மச்சினன் ஜிம் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி எடுக்கிறான் என்று செய்தி வந்தது. ஆணழகன் போட்டி மேடையில் அதைச் செய்து காட்டப் போகிறானாம்.

அந்தப் போட்டி இன்றைக்கு.

காலையில் மனைவி தம்பிக்காகப் பை கட்டிக்கொண்டிருந்தார். பழைய துண்டு, தேன் பாட்டில், எண்ணெய் பட்டால் தூக்கிப் போடத் தோதான ஒரு போர்வை. கண்ணாடிக்கடையில் பார்வை சோதிக்கும் வேலை அவருக்கு. எதிரே இருப்பவர் பொய்யை எழுத்து அட்டையின் கடைசி வரியில் ஒளித்து வைத்தாலும் படித்துவிடுவார். கணவர் தலை வாரி, பவுடர் பூசித் தயாராக நிற்பதைப் பார்த்ததும் பை கட்டுவதை நிறுத்தினார்.

"நீங்களும் வர்றீங்களா?"

"ஏன், வரக் கூடாதா?"

"போன வருஷம் கூப்பிட்டப்போ வயித்து வலின்னீங்க."

"இந்த வருஷம் வயிறு நல்லா இருக்கு."

மனைவி அவருடைய இடது கண்ணைப் பார்த்தார். பிறகு வலது கண்ணை. எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும் என்று யோசிப்பது போல இருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நானா? ஊதினா பறக்கற ஆளு. நான் என்ன பண்ண முடியும்?"

பலகை ஏறிய நாள் முதல் இந்த வீட்டில் இப்படித்தான் பேச்சு நடக்கிறது. தம்பியிடம் சொல்லி அதை இறக்கச் சொல் என்று இவர் கேட்டார். சொல்கிறேன் என்றார் மனைவி. என்ன காரணமோ, சொன்னதாகத் தெரியவில்லை. பலகையைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவருக்குப் பக்கத்து அறையில் ஏதோ வேலை வந்துவிடுகிறது.

வழியில் மாமனாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பேசியதால், அவர் ரகசியம் என்று நினைத்துச் சொல்வது கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அவரை முன்வரிசையில் மேடைக்கு நேர் எதிரே உட்கார வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை முதல் நாளே ஏற்பாடு செய்திருந்தார். பாசம் என்று மாமனார் நினைத்துக்கொண்டார்.

அரங்கத்தின் பின்னறையில் ஒரே எண்ணெய் வாசம். பளபளவென்று பழுப்புச் சாயம் பூசிய ஆண்கள், ஒருவர் மேல் ஒருவர் உரசிவிடாமல், பீங்கான் கடையில் நடப்பது போல நடந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்தால் தசை தெரியாது என்று ஒருவரும் தொண்டையை நனைக்கவில்லை. ஒருவர் எச்சில் விழுங்கினால் மற்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள்.

மூலையில் நின்ற தேக்கு மாஸ்டர் அக்காவிடம் பையை வாங்கி, தேனை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டார். அக்கா அப்பாவோடு இருக்கைக்குப் போன பிறகு இவரைப் பார்த்தார்.

"வாங்க முன்" என்றார். ஜிம் பையன்கள் சிரித்தார்கள். "மேடைக்கு வர்றீங்களா மாமா? பக்கத்துல நின்னா போதும், எனக்கு ரெண்டு மார்க் ஏறும்."

அசைவுக்காரர் அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் என்ன செய்து காட்டப் போகிறாய் என்று சாதுவாகக் கேட்டார்.

"பாருங்க." மச்சினன் கண்ணாடிக்கு எதிரே நின்று செய்தார்.

கை பின்பக்கம் போனது. கை மேலே போனது. முட்டி எழுந்தது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து, அதே கால், அதே இடுப்பு. சொந்தக்காரரே தன் பொருளை அடையாளம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டது போல இருந்தது. உடம்பு இந்த அளவு மாறிவிட்டால் ஆளுக்குத் தன்னையே தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது.

அசைவுக்காரருக்கு உள்ளுக்குள் பொங்கியது. இருந்தாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே.

"வலது கை இன்னும் கொஞ்சம் கீழே போகணும்" என்றார்.

"இங்கயா?"

"இன்னும் கீழே. ஏதோ தப்பிச்சுப் போறதைப் பிடிக்கற மாதிரி. ஆங். முகம் மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி."

மச்சினன் திருத்திக்கொண்டார். கண்ணாடியில் பார்த்துத் திருப்தியானார். முதல் தடவையாக மாமாவை மரியாதையோடு பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்திருக்கேன்" என்றார் அசைவுக்காரர். அதில் பொய் எதுவும் இல்லை.

போட்டி கடைசிச் சுற்று வரைக்கும் இழுத்தது. இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், அவருக்கும் தேக்குக்கும் மதிப்பெண் சமமாக நின்றது. இருவரும் தங்களுக்குப் பிடித்தமாதிரி ஏதாவது செய்து காட்டலாம் என்று நடுவர்கள் சொன்னார்கள். மார்க்கெட்காரர் வழக்கம்போல நெஞ்சை விரித்து, முதுகைக் காட்டி, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

தேக்கு மாஸ்டர் நடுவில் வந்து நின்றார். விளக்கைக் குறைத்தார்கள். இடியன் ஆட்டத்தின் முரசுச் சத்தம் கேட்டது. அசைவுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். அவர் காத்திருந்தது இந்த ஒரு நொடிக்காகத்தான். பஸ் நிறுத்தத்தில் தன்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு முகமும் இப்போது இந்த அரங்கத்தில் சிரிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பலகையை மாட்டி வைக்கும் துணிச்சல் எவனுக்கும் இருக்காது.

கை பின்பக்கம் பாய்ந்தது. கை வானத்துக்கு எழுந்தது. முட்டி.

மாமனார் முன்னால் குனிந்து பார்த்தார். பிறகு தன் மகளின் காதில் ரகசியமாகச் சொன்னார்.

"என்னம்மா, இவனுக்கு மறுபடியும் எறும்பா?"

அரங்கம் முழுக்கக் கேட்டது. குடும்ப வரிசையில் முதலில் சித்தி சிரித்தார். பெரியப்பா புரையேறி இருமினார். யாரோ தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அசைவுக்காரர் திரும்பி, பின்னால் இருக்கும் கூட்டம் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்.

கூட்டம் எழுந்து நின்றது.

நூற்றுக்கணக்கான பையன்கள், ஆளுக்கொரு கை பின்பக்கம், ஆளுக்கொரு கை வானத்தில், முட்டியை உயர்த்தி, இடுப்பை வெட்டி, இடியனின் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். நாற்காலிகள் சரிந்தன. ஒரு நடுவர் தன்னை மறந்து எழுந்து கையைப் பின்னால் கொண்டுபோனவர், தன் மனைவி பார்ப்பதைக் கண்டு உட்கார்ந்தார். குடும்பத்தின் சிரிப்பு அந்தச் சத்தத்தில் எங்கேயோ மூழ்கிப் போயிற்று. சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரையும் ஆனந்தக் கண்ணீர் என்றே மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மேடையில் தேக்கு மாஸ்டர் மட்டும் அப்படியே உறைந்து நின்றார். அவருக்கு அப்பாவின் குரல் கேட்டுவிட்டது. கை இடுப்புப் பட்டைக்குள் இருந்தபடியே இருந்தது. முகத்தில் புன்னகை மெல்ல மெல்ல வெளுத்தது. இவ்வளவு நேரம் ஒற்றைக் காலில் அசையாமல் நின்றதற்காக நடுவர்கள் அவருக்குத் தனியாக மதிப்பெண் போட்டார்கள்.

கோப்பை அவருக்குத்தான்.

அசைவுக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். குடும்பமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வரிசையில் அவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மேடையைப் பார்க்கவும் இல்லை. கணவருடைய கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசி வரி வரைக்கும் படித்து முடித்த மாதிரி.

பின்னறையிலிருந்து ஆள் வந்தது. மாஸ்டர் மாமாவை மட்டும் கூப்பிடுகிறார்.

மச்சினன் போர்வை விரித்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையன்களை வெளியே அனுப்பியிருந்தார். பக்கத்தில் கோப்பை, அதற்குப் பக்கத்தில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். கையில் துண்டு. முன்பக்கமெல்லாம் துடைத்துவிட்டிருந்தார். பின்பக்கம் அப்படியே மினுங்கியது.

"முதுகு எட்டலை மாமா" என்றார்.

அசைவுக்காரர் துண்டை வாங்கினார். முதுகு பெரியது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஓர் ஓரமாக ஆரம்பித்தார்.

"அது நான்தானே?"

"ஆமா."

"அப்போ நடையும் உங்களுதா?"

"ஆமா. கக்கத்துல ஸ்பாஞ்சு வெச்சிருந்தாங்க."

மச்சினன் இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தார். சேரவில்லை. இந்த வருடக்கணக்கான பயிற்சியில் அவருக்கு நிஜமாகவே ஸ்பாஞ்சு முளைத்திருந்தது.

"அந்தக் கல்யாணத்துல நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன்" என்றார். "ஒட்டடைக்குச்சி. எல்லாரும் சிரிச்சீங்க. நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க, மாலையும் கழுத்துமா. மறுநாள் காலையில ஜிம்முக்குப் போனவன்தான். உங்களை ஒரு நாள் அந்த மாதிரி நிக்க வைக்கணும், ஊரே பார்க்கணும்னு. அதுக்குத்தான் பலகை."

ஆக, ஒருவர் பழி வாங்க உடம்பை வளர்த்திருக்கிறார். இன்னொருவர் அந்த உடம்புக்கு எறும்பை ஏற்றியிருக்கிறார். இரண்டு பேருக்கும் உழைப்பில் குறை சொல்ல முடியாது.

அசைவுக்காரருக்கு இரக்கம் வந்தது. வந்ததும் அவர் துடைப்பதை நிறுத்தினார். இரக்கம் வருகிற நேரத்தில்தான் பேரம் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

"பலகையை இறக்கு."

"துடைங்க மாமா, ஊறுது."

"இறக்கறேன்னு சொல்லு. இல்லேன்னா அடுத்த ஆட்டத்துல இடியனுக்கு வயித்துப்போக்கு. நீ அதையும் மேடையில செய்வே."

மச்சினன் யோசித்தார். செய்வார் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"இன்னிக்கு சாயங்காலமே இறக்கிடறேன். ஆனா ஒண்ணு. அந்தப் படத்தை நான் எடுக்கலை. என் மேலயே பழியைப் போடாதீங்க."

"பின்னே யாரு எடுத்தா?"

"உங்க வீட்டு மொட்டைமாடியில, உங்க தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நின்னு, நீங்க அப்படிச் சிரிக்கிற அளவுக்கு யாரு இருந்தா? அவங்கதான் குடுத்தாங்க."

அசைவுக்காரர் மிச்சத்தைத் துடைத்து முடித்தார். நடு முதுகில், ஆள் தன் கையால் தொடவே முடியாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெயை அப்படியே விட்டார். சுத்தமாகிவிட்டது என்று சொன்னார். வெற்றி பெற்றவர் தன் புது வெள்ளைச் சட்டையை நம்பிக்கையோடு மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இறங்கியபோது ஜிம் பையன்கள் ஏணி வைத்துப் பலகையின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. இவ்வளவு நாள் கேட்டது கிடைத்துவிட்டது. அசைவுக்காரருக்கு அதை நின்று ரசிக்கக்கூடத் தோன்றவில்லை. மனைவி நிற்காமல் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் நேராகச் சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றினார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"எங்க அம்மா போனப்புறம் அவங்க நிக்கற படம்னு இருக்கறது இது ஒண்ணுதான்" என்றார். "இன்னொண்ணு எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நீங்க எல்லாரும் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள போட்டோக்காரர் போயிட்டார். வருஷா வருஷம் எடுத்து எடுத்துச் சிரிச்சீங்க. இப்ப ஊருக்கே எடுத்துக் குடுத்துட்டீங்க."

பதில் இல்லாதவர்கள் செய்வதை அசைவுக்காரரும் செய்தார். எதிர்க்கேள்வி போட்டார்.

"நீ என் படத்தைக் குடுத்தியே, அது மட்டும் சரியா?"

"குடுத்தேன். ஜிம்ல மாட்ட நல்லா இருக்கற ஆளோட படம் ஒண்ணு வேணும்னு தம்பி கேட்டான். எனக்குத் தெரிஞ்சதுல நல்லா இருக்கறது அதுதான். அதைக் குடுத்தேன்." மனைவி படத்தை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். "அவன் 'முன்'னு எழுதுவான்னு நான் கண்டேனா? உங்ககிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அதைச் சொல்றது?"

பக்கத்து அறையில் இத்தனை நாள் இருந்த வேலை என்ன என்பது அசைவுக்காரருக்கு இப்போது புரிந்தது. சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினார். சபதம் நிறைவேறிவிட்டதே என்று ஏதோ முனகினார். மனைவியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், ஈரத் தலையோடு சிரித்த அந்தச் சிரிப்பை.

மனைவி சிரிக்கவில்லை.

"உங்க ஸ்டூடியோ அம்மா போன் பண்ணாங்க, நீங்க போனை என்கிட்ட விட்டுட்டு முதுகு துடைக்கப் போயிருந்தப்போ" என்றார். "ராணி வேஷத்துக்கு ஆளே கிடைக்கலையாம். எல்லாரும் பொய்யா அடிக்கறாங்களாம். உள்ளுக்குள்ள நிஜமா கோபம் இருக்கற பொண்ணு யாராவது தெரியுமான்னு கேட்டாங்க."

அசைவுக்காரரின் கை இரண்டாவது பொத்தானில் நின்றது.

"நான் வர்றேன்னுட்டேன். நாளைக்கு ஒத்திகையாம். கதைப்படி முதல் காட்சியிலேயே ராணி இடியனை அடிச்சுத் தரையில போடணுமாம், சரியா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுப்பாங்களாம்." அவர் விளக்கைப் போட்டு, கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றார். "சட்டையை முழுசா கழட்டுங்க. எங்கெங்க அடிக்கலாம்னு இப்பவே பார்த்து வெச்சுக்கறேன்."